ஜேசிபி தெருவுக்குள் வரும் முன்னால்

மழைநீர் வடிகால் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் குடிநீர்க் குழாய் உடைகிறது. தெருவே சேர்ந்து ஜேசிபி ஓட்டுநரைத் திட்டுகிறது. பாவம், அவருடைய பக்கெட்டுக்குக் கீழே என்ன போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சி வேலைகளுக்கு விதிகள் ஏராளம். பஞ்சம் வரிசைக்குத்தான். முதலில் முடித்திருக்க வேண்டியதை எல்லாம் பள்ளம் தோண்டிய பிறகு தேடிக்கொண்டிருக்கிறோம். மின்கம்பத்தை மாற்ற விண்ணப்பம் போவது, பள்ளம் கம்பத்தின் காலடிக்கு வந்த பிறகு. கான்கிரீட் கலவை அறிக்கை வருவது, பாதிச் சுவர் வார்த்த பிறகு.

காகித வேலையைச் சீக்கிரம் கடந்துவிடுவோம், அது ஓரளவு ஒழுங்காக நடக்கிற பகுதி. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, அதன் பிறகு ஒப்பந்தப்புள்ளி. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு அடிப்படை. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். முன்வைப்புத் தொகை, ஏற்புக் கடிதம், பாதுகாப்பு வைப்புத் தொகை, ஒப்பந்தக் கையெழுத்து, பணி ஆணை என்று வரிசையாக வரும்.

அந்த 15 நாளோ 30 நாளோ எதற்கு என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ‘பணியிடத்தை நேரில் பார்த்து, நிலைமையை அறிந்த பிறகே விலை கொடுத்திருக்கிறேன்’ என்கிற பொருளில் ஒப்பந்த ஆவணத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அதற்குக் கீழே ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போடுகிறார். தெருவைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? பார்த்தவர்களிலும், வீட்டு வாசலில் நின்று குடிநீர் இணைப்புகளை எண்ணியவர் எத்தனை பேர்? 200 மீட்டர் தெருவில் ஒரு பக்கம் மட்டும் 30 வீடு இருந்தால், புது வடிகாலின் குறுக்கே 30 குழாய் போக வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொன்றையும் தாழ்த்தவோ, உறைக்குழாய் போட்டுத் திருப்பவோ வேண்டும். எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லையென்றால் நடப்பது ஒன்றுதான்: குழாயை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் சுவரை வார்த்துவிடுவார்கள். வடிகாலின் நடுவே குடிநீர்க் குழாய் தொங்கும். குப்பை அதில் மாட்டி அடைக்கும். குழாயில் ஒரு கசிவு விழுந்து, தண்ணீர் விடாத நேரத்தில் அழுத்தம் குறைந்தால் சாக்கடை உள்ளே போகும்.

இதோடு, எஸ்டிமேட்டை விட மிகக் குறைத்து விலை கொடுத்து வேலையை எடுப்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்படிக் குறைத்தால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கட்டச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் குறைத்த பணம் எங்கிருந்து வெளியே வரும்? கம்பி, கான்கிரீட் இரண்டையும் அளந்து பில் போடுகிறார்கள், அதில் பெரிதாகக் கை வைக்க முடியாது. அளக்காத இடத்தில்தான் வைப்பார்கள். தடுப்பு, விளக்கு, மண் அகற்றல், பள்ளத்தின் பக்கங்களுக்குத் தாங்கல், நீராற்றல் (வார்த்த கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது). தெருவில் நடப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட சாமான் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மையமான ஒரு நாள் உண்டு. தள ஒப்படைப்பு நாள், அதாவது வேலை நடக்கும் இடத்தை ஒப்பந்ததாரர் கையில் கொடுக்கும் நாள். அலுவலக மேசையில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குப் பெயர் தள ஒப்படைப்பு ஆகாது. உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரரின் பொறியாளர், ஈ.பி. பிரிவு அலுவலகத்தின் ஆள், குடிநீர்ப் பிரிவின் ஃபிட்டர், இவர்கள் நால்வராவது தெருவில் ஒன்றாக நடக்க வேண்டும். ஃபிட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நடையில் சுண்ணாம்பில் நடுக்கோடு போட வேண்டும். உடைபடாத ஒரு இடத்தில், பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ பள்ளிக்கூடப் படியிலோ, மற்ற உயரங்களை எல்லாம் ஒப்பிட்டு அளக்கத் தற்காலிக மட்டக் குறி வைக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் சாலை மட்டம் எடுத்து மட்டப் புத்தகத்தில் ஏற்றி, இரண்டு தரப்பும் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். பூமி பூஜைக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். தேங்காய் உடைத்துப் போட்டோ எடுத்த கையோடு ஜேசிபி தோண்ட ஆரம்பித்துவிட்டால், அசல் மட்டம் என்ன என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதன் பிறகு எம் புக்கில் (பில்லுக்கான அளவுப் புத்தகத்தில்) ஏறும் தோண்டல் அளவு ஒரு நம்பிக்கைதான். அதிகமாகத் தோண்டியதாகக் காட்டவும் வழி உண்டு, நியாயமாகத் தோண்டிய ஒப்பந்ததாரருக்குக் காசு மறுக்கவும் வழி உண்டு.

கூடவே ஒரு சின்ன வேலை: பள்ளத்தை ஒட்டிய சுற்றுச்சுவர்கள், படிகள், திண்ணைகளில் ஏற்கெனவே இருக்கிற கீறல்களைத் தேதியோடு படம் எடுத்து வைப்பது. ஒரு மதியத்தில் முடியும். பிறகு ‘உன்னால்தான் என் சுவர் விட்டுப்போச்சு’ என்று வரும் பஞ்சாயத்துகளில் பாதி தானாக அடங்கும்.

அடுத்து சோதனைக் குழி. தோண்டப்போகும் கோட்டில் 30 மீட்டருக்கு ஒன்று, தெரு முனைகளில் கட்டாயம் ஒன்று, ஆளை வைத்துக் கடப்பாரையைப் பார்த்துப் போட்டுத் தோண்டுவது. 200 மீட்டருக்கு எட்டு அல்லது ஒன்பது குழி, இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. மொத்த ஒப்பந்தத் தொகையில் இது கண்ணுக்கே தெரியாது. இந்தியத் தர விதிப்படி சாதாரண தாழ்வழுத்த மின்கேபிள் 75 செ.மீ. ஆழத்தில், 11 கே.வி. கேபிள் 90 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். ஆனால் அது புதைத்த அன்றைய ஆழம். அதற்குப் பிறகு சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டிருந்தால் கேபிள் இன்னும் கீழே போயிருக்கும். ஓரத்தில் யாராவது மண் வெட்டி எடுத்திருந்தால் ஒரு சாண் ஆழத்திலேயே தட்டுப்படும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் என்றால் கேட்கவே வேண்டாம், பக்கெட் பல் உரசினாலே பிளந்துவிடும். தோண்டுவதற்கு முன் தகவல் கொடுக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. பயன்படுத்துங்கள், கண்ணாடி இழைக் கேபிள்காரர்களை எட்ட உதவும். நகராட்சியே முப்பது வருடம் முன்பு புதைத்த குழாயை அது காட்டும் என்று நம்பிச் சோதனைக் குழியை விட்டுவிடாதீர்கள்.

குழியில் கழிவுநீர் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். எந்த வீட்டு இணைப்பு, எங்கே திருப்புவது என்று முடிவான பிறகே மேலே போகலாம். பழைய ஆள்நுழைவுக் குழிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ‘அஞ்சு நிமிஷ வேலை’ என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

இப்போது மண் கணக்கு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், தெருச் சண்டையில் பெரும்பாலானது இதில்தான் பிறக்கிறது. உள்ளே 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரமுள்ள சாதாரண வடிகாலை எடுத்துக்கொள்வோம். சுவர் 15 செ.மீ. வீதம் இரண்டு, சென்டரிங் அடிக்கப் பக்கத்துக்கு 30 செ.மீ. இடம். பள்ளத்தின் அகலம் 1.5 மீட்டர். அடிக் கான்கிரீட், தளம், மூடி எல்லாம் சேர்த்து ஆழம் 1.3 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் மண். 30 மீட்டர் தோண்டினால் 58 கன மீட்டருக்கு மேல். தோண்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு உப்பும் என்று வைத்தால் 73. மூணு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) டிப்பரில் ஒன்பது நடை.

அரசு ஒப்பந்தங்களில் இணைக்கும் பாதுகாப்பு விதி என்ன சொல்கிறது? தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும். இருபது அடித் தெரு 6 மீட்டர். பள்ளம் 1.5, இடைவெளி 1.5, மிச்சம் 3 மீட்டர். குவியலின் அடியே அதை விழுங்கிவிடும். ஆக, இந்தத் தெருவில் விதியை மதித்து மண்ணைக் குவிக்கவே முடியாது. தோண்டத் தோண்ட டிப்பரில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் கொட்டுமிடம் எது, எத்தனை கிலோமீட்டர், சுவருக்கு வெளியே பள்ளத்தை மூடத் திரும்ப வேண்டிய 20 கன மீட்டர் சொச்சத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் வேலைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாததால்தான் மண் பள்ளத்தின் உதட்டிலேயே உட்காருகிறது. ஒரு மழைக்கு அதுவும் உள்ளே, விளிம்பும் உள்ளே.

ஆழத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகையும் குறுக்குக் கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். மாதிரிக் குறுக்குவெட்டுப் படத்தில் 1.3 மீட்டர் என்று இருப்பதால் எஸ்டிமேட்டில் தாங்கலுக்குக் காசு இருக்காது. ஆனால் தெரு சமமாக இருந்து, வடிகாலுக்கு 500க்கு 1 சரிவு கொடுத்தால், 200 மீட்டர் கடைசியில் 40 செ.மீ. கூடி ஆழம் 1.7 மீட்டர். படம் பொய் சொல்லவில்லை, ஒரு முனையை மட்டும் காட்டியது. நீளவாக்குப் படத்தை முன்பே போட்டுப் பார்த்தால் எந்த மீட்டரிலிருந்து தாங்கல் வேண்டும் என்று புள்ளி வைத்துச் சொல்லலாம். 1.2 மீட்டர் ஆழத்துக்கே 30 மீட்டருக்கு ஓர் ஏணி வேண்டும், தரைக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு. நம் தெருக்களில் அந்த ஏணியைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம்.

தடுப்பைப் பற்றி. 2022 அக்டோபரில் சென்னையில் ஓர் இளம் பத்திரிகையாளர் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து இறந்தார். சிவப்பு வெள்ளை ரிப்பனை இரண்டு சவுக்குக் கொம்பில் கட்டுவது தடுப்பாகாது. ஆள் சாய்ந்தால் தாங்குகிற தகரத் தடுப்பு, இரவில் ஒளிரும் பட்டை, பள்ளத்தின் இரு முனையிலும் விளக்கு, அதற்கும் முன்பே தெருமுனையில் எச்சரிக்கைப் பலகை. சாலையில் நடக்கும் வேலைகளுக்கு ஐ.ஆர்.சி.யின் (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) எஸ்.பி. 55 என்ற தனி வழிகாட்டியே இருக்கிறது. இன்றைக்குத் தோண்டப்போகும் நீளத்துக்குத் தேவையான தகரம் தளத்தில் வந்து இறங்கியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே தோண்ட விட வேண்டும். என் கேள்வி, இதை ஏன் தனி இனமாக, இத்தனை மீட்டர், இத்தனை நாள் என்று அளந்து காசு கொடுக்கக் கூடாது? அளந்தால் வைப்பார்கள். ‘மொத்த விலையில் அடக்கம்’ என்று எழுதினால் அடக்கம்தான் நடக்கும்.

கலவைக்கு வருவோம். கான்கிரீட்டின் வலுவை 28 நாள் கனசதுரச் சோதனையில்தான் முழுதாகப் பார்க்க முடியும். எம்சாண்டு, ஜல்லி, சிமென்ட் மூன்றும் எங்கிருந்து வரப்போகிறதோ அந்த மாதிரியைக் கொடுத்து ஆய்வகத்தில் கலவை வடிவமைப்புச் செய்ய ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பணி ஆணை வந்த மறுவாரம் தளம் வார்க்கிறார்கள் என்றால், அது வேறு ஏதோ வேலைக்கு எடுத்த பழைய அறிக்கை. ஏற்புக் கடிதம் கையில் வந்த அன்றே மாதிரி ஆய்வகத்துக்குப் போனால்தான் கணக்குச் சரியாக வரும்.

தொடங்கும் முனையும் முக்கியம். தண்ணீர் போய்ச் சேரும் கடைமுனையிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். சேரும் கால்வாயில் சாதாரண நாளில் தண்ணீர் நிற்கும் மட்டம் நம் வடிகாலின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். சௌகரியத்துக்காக மேல்முனையில் தொடங்கி, கடைமுனையில் ஒரு மின்மாற்றியோ ஆக்கிரமிப்போ குறுக்கே நின்றால், அந்த வருட வடகிழக்குப் பருவமழைக்கு நீங்கள் கட்டியது ஒரு நீளமான கொசுத் தொட்டி.

ஒப்பந்ததாரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணி ஆணைத் தேதியிலிருந்தே கெடு ஓடுகிறது. கம்பம் மாற்ற ஈ.பி. எஸ்டிமேட் போட்டு, நகராட்சி பணம் கட்டி, ஆள் வந்து மாற்றுவதற்குள் கெடுவில் பாதி போய்விடும். மரம் இருந்தால் மாவட்டப் பசுமைக் குழு, தெருவை மூடப் போக்குவரத்துக் காவல். இதற்கெல்லாம் அலைவது அவர், தாமத அபராதமும் அவருக்கே. நான் சொல்வது இதுதான்: கம்பம், கேபிள், மரம், குழாய் நான்கையும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே நகராட்சி முடிக்கட்டும், அல்லது பணம் கட்டிய ரசீதையாவது கையில் வைத்திருக்கட்டும். ஒப்பந்தக் கெடு, தெருவில் நடந்து கையெழுத்திட்ட ஒப்படைப்பு நாளிலிருந்து தொடங்கட்டும். அதற்குப் பிறகும் தாமதம் என்றால் தாராளமாக அபராதம் போடுங்கள்.

உங்கள் தெருவில் வேலை வரப்போகிறது என்றால் அறிவிப்புப் பலகையில் வேலையின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், பொறியாளர் எண், தொடங்கும் நாள், முடியும் நாள் இருக்கிறதா என்று பாருங்கள். முடியும் நாளுக்கான இடம் காலியாக இருந்தால் காரணம் கேளுங்கள். அப்படியே ‘சோதனைக் குழி எங்கே போட்டீர்கள்’ என்றும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் ராத்திரியே நாலு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள்.