சஸ்பெண்ட் பண்ணியாச்சு, சரி. அப்புறம்?

ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் ஒருவர், ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்ட அந்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம்ம காட்பாடி குரூப்பில் ஒருவர் 'சிஸ்டரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, நியாயம் கிடைச்சிடுச்சு' என்று கைதட்டும் பொம்மைகளோடு போட்டிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என்ன நியாயம்? ஒரே பெயருள்ள இரண்டு பேரை அடுத்தடுத்த கட்டிலில் போடுவதை நிறுத்திவிட்டார்களா? அத்தனை கட்டிலுக்கும் ராத்திரியில் ஒரே சிஸ்டர் என்பது மாறிவிட்டதா? கையில் பெயர்ப் பட்டையாவது கட்டினார்களா? எதுவும் இல்லை. நாளைக்கு வேறொரு பெண் அதே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு அதே இரண்டு கட்டிலுக்கு நடுவில் வந்து நிற்பாள்.

இதை வேலூர்க்காரர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்த ஊர் இது. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து அத்தனை பேர் வருகிறார்கள், காந்தி ரோட்டில் பெங்காலி எழுத்து இல்லாத லாட்ஜ் போர்டைத் தேடத்தான் வேண்டும். கல்கத்தா பக்கத்திலிருந்து வந்த அம்மாவிடம் 'நீங்கதானே மீனா?' என்று தமிழில் கேட்டுப் பாருங்கள், தலையாட்டுவார். 'மாலாதானே?' என்றாலும் ஆட்டுவார். அதனால்தான் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ஆஸ்பத்திரி நம்பரையும் பட்டையில் பார்க்கச் சொல்கிறோம். நர்ஸுக்கு மறதி என்பதற்காக இல்லை.

எங்கப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது 'எந்தக் கண்ணு ஐயா?' என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். 'என்ன ஆஸ்பத்திரி இது, ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல' என்று கத்திவிட்டார். எனக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலில் இருப்பதும் இந்த மாதிரி 19 கேள்விகள்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பின் இறப்பவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை.

இன்னொன்று. உடம்பில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் அடர் பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அது வரும் சின்னக் குப்பியோ (ஆம்பூல்) பார்க்க சலைன் குப்பி மாதிரியே இருக்கும். பிரிட்டனில் 2002ல் அதைச் சாதாரண வார்டு அலமாரிகளிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். 'கவனமா இருங்கம்மா' என்று மெமோ கொடுத்துவிட்டு விட்டுவிடவில்லை.

'நர்ஸ் நர்ஸுக்குத்தான் வக்காலத்து வாங்குவா' என்று ஒருவர். ஆமாம், வாங்குவேன். 'உங்க வீட்டுல நடந்தா இப்படிப் பேசுவீங்களா?' என்று இன்னொருவர். எங்கள் வீட்டில் நடந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன், எம்.டி. ரூம் வாசலில் நின்று. வேண்டுமென்றே அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு, தண்டிக்கட்டும். ஆனால் அது அலட்சியம் என்று ஒழுங்காக விசாரிக்காமலே எப்படித் தெரிந்தது?

இதையெல்லாம் முறையாகப் படிக்கலாம் என்று இந்த வயதில் ஆஸ்பத்திரித் தரம் பற்றிய குவாலிட்டி கோர்ஸில் சேர்ந்தேன். சித்தப்பா கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லார் காதிலும் விழும்படி, 'ஃபைல் அடுக்குறதுக்கு ஒரு படிப்பா?' என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டாக்டருக்குப் படிக்கிறேன் என்றிருந்தால் இலையில் இன்னொரு வடை விழுந்திருக்கும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வலிக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் என்ஏபிஎச் ஆடிட் வருகிறது என்றால் பல இடங்களில் ஒரே ராத்திரியில் புது பெட்ஷீட் வரும், மூன்று மாத ரெஜிஸ்டர் நிரம்பும். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில். அந்தப் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருப்பவளும் ஒரு நர்ஸ்தான், ட்யூட்டி முடிந்த பிறகு. எழுதச் சொன்னவர் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. அரசாங்கமும் அப்படித்தான். தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் போட்டார்கள். விதிகள் வந்தது 2018ல். இருபத்தொரு வருஷம்! யாரை சஸ்பெண்ட் பண்ணினீர்கள் அதற்கு?

இந்த ஊசி விஷயத்தை விசாரித்த கமிட்டியில் நர்ஸ் ஒருத்தர்கூட இல்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி அந்த வார்டில் நின்றே பார்க்காதவர்கள் கூடி, காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். கைதட்டியவர்கள் அதையும் கொஞ்சம் கேளுங்கள்.

சித்தப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த செமஸ்டர் ஃபீஸும் கட்டியாகிவிட்டது.