அந்த நெட்புக்குகளை நான் எறியப் போவதில்லை

எங்கள் வாசிகசாலையின் பழைய நெட்புக்குகள் (சின்ன லப்டொப்கள்) பற்றி நேற்று ஒரு பதிவு போட்டிருந்தேன். அவை ஓடுவது டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தில். டெபியன் 13 இல், 32 பிட் எனப்படும் பழைய வகைப் ப்ரொசெசர்களுக்கு இன்ஸ்டோலரும் இல்லை, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. எங்கள் வாசிகசாலை நெட்புக்குகளுக்கு இனி எதைப் போடலாம் என்றுதான் கேட்டேன். "உதைத் தூக்கி எறிஞ்சிட்டு ஆர்ச்சுக்கு மாறுங்கோ அண்ணை" என்று ஒரு தம்பி எழுதினார்; ஆர்ச்சும் இன்னொரு லினக்ஸ்தான். கனபேர் அதற்குச் சிரிப்புப் போட்டிருந்தார்கள்.

தம்பி, ஆர்ச் 32 பிட்டை 2017 இலேயே கைவிட்டுவிட்டது. இந்த நெட்புக்குகளில் இருப்பது ஆட்டம் என்270 என்ற 32 பிட் ப்ரொசெசர், ராம் 1 ஜிபி. நீங்கள் சொன்னது அதில் ஏறவே ஏறாது. ஃபெடோரா என்ற லினக்ஸும் 2019 இல் 32 பிட் கெர்னலை விட்டுவிட்டது. யார் பாவிக்கிறார்கள், எதில் பாவிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

யார் பாவிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். புதுக்குடியிருப்பிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில், பின்னேரம் வந்து இருக்கும் தரம் 9, 10 பிள்ளைகள். லிப்ரே ஒஃபிஸில் தமிழ் ரைப் பண்ணப் பழகுகிறார்கள். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்து, ஸ்ரிக்கர் ஒட்டி, கை பழக மூன்று மாதம் எடுத்தது. டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, மாற்றினால் அதையெல்லாம் ஒவ்வொரு மெஷினிலும் திரும்பச் செய்ய வேண்டும். செய்யப்போவது நான் ஒருவன்தான்.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் டெபியன் 10 இலிருந்து 11 க்கு மாற்றியதும் நான்தான். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். ஒரு நெட்புக்கின் பற்றரி செத்திருந்தது. அப்கிரேட் பாதியில் நிற்கக் கரண்ட் போய்விட்டது. பிறகு அது கறுப்புத் திரையில்தான் எழும்பியது. போன் டேட்டாவில் மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சரிப்படுத்த நாலு நாள். அதனால்தான் மாற முன் யோசிக்கிறேன். தினமும் புதுப்பிப்பு வரும் ஆர்ச்சை இந்த டேட்டாவில் யார் ஓட்டுவது?

பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. டெபியன் 12 க்கு நீண்டகாலத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை இருக்கின்றன. அந்த மெஷின்களில் பிரவுசர் திறப்பதும் இல்லை. விண்டோஸ் போடச் சொல்பவர்களுக்கு: 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது, 11 க்கு 32 பிட்டே கிடையாது. பிள்ளைகள் பழசிலேயே தேங்கிப் போவார்கள் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஒருநாள் வந்து அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

உண்மையில் என்னைச் சுட்டது ஆர்ச் இல்லை. எறி என்ற சொல்தான். 2009 இல் அம்மாவின் தையல் மெஷினை இரணைப்பாலை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். அது பழுதாகவில்லை, தூக்கத்தான் ஆள் இல்லை. அம்மா மூன்றுதரம் திரும்பிப் பார்த்தா. அதற்குப் பிறகு ஓடுகிற ஒரு சாமானை எறி என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. வெளிநாட்டில் இருந்து சிரிப்புப் போட்டவர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். சிலருக்கு விளங்கியிருக்க வேண்டும், அவர்களும் இந்த ரோட்டால் நடந்தவர்கள்தானே.

ஆறு நெட்புக்கும் டெபியன் 12 இலேயே இருக்கும். வாசிகசாலையில் உள்ள 64 பிட் டெஸ்க்டொப் இரண்டுக்கும் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ (இதுவும் ஒரு லினக்ஸ்தான்) போடுகிறேன், அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதன் இன்ஸ்டோல் ஃபைலான ஐஎஸ்ஓவை நேற்றிரவே பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை பிள்ளைகள் வருமுன் விசைப்பலகையையும் சரிபார்க்க வேண்டும்.