அம்மை குத்த வந்தவர்கள்

என் அப்பத்தாவின் மேல்கையில் நாலணா அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கும். சுற்றி மேடு, நடுவில் குழி. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். "அம்மை குத்தினதுய்யா" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். அவருடைய தம்பி ஒருவர் பெரியம்மையில் போனவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கொள்ளைநோய் பற்றிப் பேச்செடுத்தால் 1796-இல் பசு அம்மையை வைத்துப் பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து கண்ட எட்வர்டு ஜென்னரிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். சரி, பெரிய மனிதர்தான். ஆனால் அவருக்குப் பிறகும் 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேரைப் பெரியம்மை கொண்டுபோயிருக்கும் என்கிறார்கள். நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் தொடங்கப்பட்டதே அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான். மருந்து இருந்தும் ஜனங்கள் செத்தார்கள். 1974-இல் இந்தியாவில் 1.88 லட்சம் பேருக்குப் பெரியம்மை கண்டது, 31,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் அடிபட்டது பீகார்.

அடுத்த வருஷம் மே மாதத்தோடு நாட்டில் பெரியம்மையே இல்லை!

இதை முடித்துக்காட்டியவர்கள் வீடு வீடாக நடந்தவர்கள். இவர்களைப் பற்றித்தான் நம் பாடப்புத்தகங்கள் பேச வேண்டும். 1 லட்சத்துக்கும் அதிகமான பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, "இப்படி யாரையாவது பார்த்தீங்களா?" என்று தெருத்தெருவாக, சந்தை சந்தையாகக் கேட்டார்கள். ஒரு வீட்டில் நோய் இருந்தால் வாசலில் இரவு பகலாகக் காவல், அக்கம்பக்கத்தில் அத்தனை பேருக்கும் ஊசி. அந்த ஊசி கவட்டை மாதிரி இரண்டு முனை உள்ள சின்னக் கம்பி. மருந்தில் தோய்த்து எடுத்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சொட்டு நிற்கும். தோலில் 15 குத்து, அவ்வளவுதான். டாக்டரே வேண்டாம், யாரும் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம்.

கஷ்டமெல்லாம் வாசலில் நின்று பேசுவதில்தான். நமக்கு ஆத்தா, வடக்கே சீதளா. சாமி இறங்கியிருக்கிற வீட்டில் ஊசியோடு எப்படி நுழைவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று கதவைச் சாத்திய தாயைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. சில இடங்களில் கதவை உடைத்து, ஆளை அமுக்கிப் பிடித்துக் குத்தியிருக்கிறார்கள். அது தப்பு. ஆனால் அதே வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இன்றைக்கும் வெயிலில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற கிராம செவிலியரை எத்தனை பேர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறோம்?

இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் அலி மாவ் மாலின். சோமாலியாவில் மெர்க்கா என்ற ஊரில் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து போடாமலே இருந்துவிட்டார். 1977 அக்டோபரில் அம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். அப்புறம் பல வருஷம் கழித்துப் போலியோ வேலைக்கு வந்தார். சொட்டு மருந்து வேண்டாம் என்ற தாய் தகப்பனிடம் தன் கதையையே சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 2013-இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்துபோனார்.