வெட்டினால் குற்றம், வெட்டியதை வாங்கினால் குற்றமில்லை

இரண்டு றைபிள்களை மேசையில் வையுங்கள். இரண்டும் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ற்றை இழுத்துத் தோட்டா ஏற்றுபவை. இரண்டிலும் குழல் 406 மில்லிமீற்றர், அதாவது 16 அங்குலம். ஒன்றோடு நான் ஒன்ராறியோவின் வடக்கே மான் வேட்டைக்குப் போகலாம். மற்றதைத் தெரிந்தே வைத்திருந்தால் 10 ஆண்டுகள் வரை சிறைக்குப் போகலாம். வேறுபாடு துவக்கில் இல்லை. முதலாவதன் குழல் அந்த நீளத்திலேயே செய்யப்பட்டது, இரண்டாவதன் குழல் நீளமாக இருந்து அறுக்கப்பட்டது. அவ்வளவுதான்!

கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை, 84ஆம் பிரிவு. ஒரு றைபிளையோ ஷொட்கன்னையோ அறுத்து, வெட்டி, அல்லது வேறு எந்த விதத்திலாவது மாற்றி, அதன் குழல் 457 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். மொத்த நீளம் 660க்குக் குறைந்தாலும் அதே கதி. அந்த வகைக்கு என்னைப் போன்ற வேட்டைக்காரர் உரிமம் எடுக்க வழியே இல்லை. ஆனால் கையால் இயக்கும் றைபிளின் குழல் தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வந்தால் அதற்குக் கீழெல்லை எதுவும் இல்லை. சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் அடித்துச் சுடுவது) சுடும் செமி ஓட்டோமற்றிக் துவக்கு, அதாவது சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுவது என்றால், எல்லை 470. அதற்குக் குறைந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட வகை. ஏன் அங்கே 470, இங்கே 457? ஒன்று பதினெட்டரை அங்குலம், மற்றது பதினெட்டு. அந்த அரை அங்குலம் யாரைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு விளங்கப்படுத்த ஒருவரும் இல்லை.

முழுத் துவக்காகக் கடையில் வாங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை. உதிரிப்பாகங்களை வாங்கிப் பூட்டுபவன்தான் மாட்டிக்கொள்கிறான். அடர்ந்த புதருக்குள் நீண்ட குழல் ஒவ்வொரு கிளையிலும் சிக்கும். அதனால்தான் குட்டைக் குழல் கேட்கிறேன், ஒளித்து வைக்க அல்ல. பழைய நீள றைபிளொன்றின் றிசீவர், அதாவது குழலைப் பூட்டும் நடுக்கூடு, என்னிடம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த வெறும் இரும்புக் கூடே ஒரு துவக்கு. அதில் ஆயத்தமாகச் செய்து விற்கும் குட்டைக் குழலைப் பூட்டினால், நான் எதையும் அறுக்கவில்லை. ஆனால் “வேறு எந்த விதத்திலாவது மாற்றி” என்ற அந்த வால் என்ன செய்கிறது? குழலை மாற்றுவதும் மாற்றம்தானே? கடைக்காரர், தாராளமாகப் பூட்டலாம், எல்லோரும் பூட்டுகிறார்கள் என்கிறார். துவக்குத் திருத்துபவர் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு வேண்டாம் அண்ணை, என் தொழில் உரிமம் போய்விடும் என்கிறார். தொலைபேசியில் பதில் சொன்ன அதிகாரி, பிரிவை நீங்களே வாசித்துப் பாருங்கள், தேவையென்றால் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள் என்றார். வாசித்துவிட்டுத்தானே ஐயா உங்களை அழைத்தேன்!

இன்னொன்று இருக்கிறது, இதை நினைத்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. எந்தக் குழல்தான் வெட்டப்படாமல் பிறக்கிறது? நீண்ட உருக்குத் தண்டில் துளையிட்டு, உள்ளே சுருள்கோடு இழுத்து, பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டித்தான் குழல் செய்கிறார்கள். அதே கடைசல் இயந்திரம், அதே வாள், அதே மனிதர். புதிய தண்டை 406இல் வெட்டினால் அது உற்பத்தி. ஒரு பழைய றைபிளின் குழலை 406இல் வெட்டினால் அது குற்றம். சரி, இரண்டையும் பூட்டிய பிறகு எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தொடர் இலக்கம் பொதுவாக றிசீவரில் இருக்கிறது, குழலில் இல்லை. இவ்வகைத் துவக்குகளைக் கட்டாயமாகப் பதியும் கூட்டாட்சிப் பதிவேட்டையும் 2012இல் ஒழித்துவிட்டார்கள். குழலின் கடந்தகாலத்தை வைத்துக் குற்றத்தைத் தீர்மானிக்கும் சட்டத்தை எழுதிவிட்டு, அந்தக் கடந்தகாலத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. வழக்கென்று வந்தால் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புத்தான், தெரியும். ஆனால் அதுவரை துவக்கு பொலிஸ் களஞ்சியத்தில், உரிமம் இடைநிறுத்தத்தில், நான் சட்டத்தரணி வாசலில்.

2023இல் நிறைவேறிய சி-21 என்ற துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வெறும் குழல் வாங்கவே உரிமம் காட்ட வேண்டும். காட்டுகிறேன், அதில் எனக்குக் குறையே இல்லை. பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, பின்னணிச் சோதனை எல்லாம் கடந்துதான் அந்த அட்டை கையில் இருக்கிறது. அறுத்த துவக்கைச் சட்டைக்குள் மறைத்துக் கொள்ளையடிக்கப் போகிறவனைத் தடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மறைக்க முடிவதும் முடியாததும் துவக்கு இப்போது எவ்வளவு நீளம் என்பதில்தான் இருக்கிறது. நேற்று எவ்வளவு இருந்தது என்பதில் இல்லை. கொள்ளைக்காரன் 84ஆம் பிரிவை வாசித்துவிட்டு வாளை எடுப்பதில்லை. வாசிப்பவன் நான்தான், பயப்படுபவனும் நான்தான்.

கையால் இயக்கும் றைபிளுக்கு ஒரு குழல் நீளம், ஒரு மொத்த நீளம் என்று இரண்டு இலக்கங்களை எழுதுங்கள். 457 என்றால் 457, கடையில் வாங்கியதற்கும் அதே, பட்டறையில் வெட்டியதற்கும் அதே, வீட்டில் பூட்டியதற்கும் அதே. அந்த எல்லை எனக்குப் பாதகமாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அளவுநாடாவை வைத்துப் பார்த்தவுடன் பொலிஸ்காரருக்கும் எனக்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். அதுவரை குழலை மாற்றிப் பூட்டலாமா கூடாதா என்பதையாவது எழுத்தில் தாருங்கள், கையெழுத்தோடு. தொலைபேசிப் பதில் எனக்கு வேண்டாம்.