11-0க்கு வெளியே ஒரு கிளப்

செப்டம்பர் 17 வந்தால் போதும், லிவர்பூல் ரசிகர் பக்கங்களில் 1974ஆம் ஆண்டு ஸ்கோரைப் போட்டுவிடுவார்கள். லிவர்பூல் 11, நார்வே கிளப்பான ஸ்ட்ரோம்ஸ்கோட்செட் 0. லிவர்பூலின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி. ஒன்பது பேர் கோல் அடித்தார்கள். தொடக்கப் பதினொருவரில் கோல்கீப்பர் கிளெமன்ஸை விட்டால், அடிக்காத ஒரே ஆள் பிரையன் ஹால். நானும் லிவர்பூல் கட்சிதான், கொண்டாடட்டும். ஆனால் கீழே "இதெல்லாம் ஒரு டீமா?" என்று சிரிக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

அன்றைக்கு ஆன்ஃபீல்டில் நின்றவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? 1973இல் நார்வே கோப்பையை வென்று, அதனால் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்று வந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1970இல், லீகையும் கோப்பையையும் ஒரே ஆண்டில் தூக்கிய கிளப் அது. நார்வேயில் அப்போது சம்பளத்துக்குப் பந்தாடும் வழக்கமே கிடையாது. வேலைக்குப் போய்விட்டு வந்து பயிற்சி எடுத்தவர்கள், முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் தோற்றார்கள். அப்புறம் ஒன்று: இரண்டே வாரம் கழித்து ஆஸ்லோவில் நடந்த மறு ஆட்டத்தில் இதே கிளப் லிவர்பூலிடம் 0-1 என்று மட்டும்தான் தோற்றது. அதை யாரும் பகிர்வதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது பேண்டி என்ற பனி விளையாட்டைப் பற்றி.

ஆஸ்லோவுக்குத் தென்மேற்கே, ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் ட்ராமன் நகரில் 1907இல் தொடங்கிய கிளப் ஸ்ட்ரோம்ஸ்கோட்செட். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் கால்பந்து மைதானம் பனிக்குள் போய்விடும். அதற்காக கிளப்பை இழுத்துப் பூட்ட முடியுமா? சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு பேண்டி ஆடினார்கள். ஐஸ் ஹாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட கால்பந்து மைதானம் அளவுக்குப் பனித்தளம், பக்கத்துக்குப் பதினோரு பேர், 45 நிமிடமாக இரண்டு பாதி, கார்னர் உண்டு, ஆஃப்சைடும் உண்டு. தட்டையான வட்டுக்குப் பதில் கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பந்து. கோல்கீப்பருக்கு மட்டை கிடையாது, கையாலும் உடம்பாலும்தான் தடுக்க வேண்டும். சுருக்கமாக, பனியில் ஆடும் கால்பந்து. அதனால்தான் கோடையில் கால்பந்து, குளிரில் பேண்டி என்று ஒரே ஆளே இரண்டும் ஆடுவது அந்தக் காலத்து நார்வேயில் சாதாரணம். இடம் பிடித்து ஓடுவது, ஆஃப்சைடு கோட்டை ஏமாற்றுவது எல்லாம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதானே.

பேண்டியிலும் ஸ்ட்ரோம்ஸ்கோட்செட் பலமுறை தேசிய சாம்பியன். இது தனிக் கதையும் இல்லை. அதே ஆற்றோரம் சற்று மேலே இருக்கிற ம்யோன்டாலன், 1933, 1934, 1937 என்று மூன்று முறை கால்பந்துக் கோப்பை வென்ற சின்ன ஊர். அவர்களும் பேண்டியில் பெரிய கைதான். ஸ்டபெக் என்ற இன்னொரு நார்வே கிளப்பும் அப்படித்தான்: 2008இல் கால்பந்து லீக், பேண்டியில் எண்ண முடியாத பட்டங்கள்.

ஒரு கிளப்பின் வரலாற்றை அதன் கால்பந்து முடிவுகளை மட்டும் வைத்து எழுதுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. நார்வேயில் கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம், பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் வாங்கிவிட முடியாது. கால்பந்தில் பணம் புழங்கப் புழங்க கால்பந்துப் பிரிவும் பேண்டிப் பிரிவும் தனித்தனிப் பாதையில் போய்விட்டன, சரி. ஆனாலும் ட்ராமனில் மரியன்லிஸ்ட் பகுதிக்குப் போனால் கால்பந்து அரங்கத்துக்குப் பக்கத்திலேயே பேண்டித் தளமும் இருக்கிறது.

2013இல், 43 ஆண்டுக்குப் பிறகு, ரோனி டைலா பயிற்சியில் மறுபடி லீக் பட்டம். அடுத்த ஏப்ரலில் 15 வயதுப் பையன் ஒருவன் இதே கிளப்புக்காகக் களமிறங்கினான். பின்னாளில் ஆர்சனல் கேப்டனான மார்ட்டின் ஓடகார்ட், ட்ராமன் பையன். ஆர்சனல் ரசிகர்கள் இதை மட்டும் மறக்காமல் சொல்வார்கள்!

பேண்டி பார்த்திராதவர்கள் யூட்யூபில் ஒரு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பந்து எங்கே என்றே தெரியாது. பந்தைத் தேடாதீர்கள், பின்வரிசை எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். கால்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆட்டம் பிடிபட்டுவிடும்.