யாரும் கேட்காமலே மாறிய ஃபிரிட்ஜ் கேஸ்
மக்கள் கேட்டால்தான் நிறுவனங்கள் மாறும், சட்டத்தால் பயனில்லை என்கிறது கட்டுரை. முப்பது வருடமாக ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறேன்; இதில் என்ன கேஸ் இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டதில்லை. கூலிங் வருதா, அவ்வளவுதான். ஆனாலும் நான் தொழில் பழகியபோது எங்கும் இருந்த, ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 கேஸ் புது ஃபிரிட்ஜ்களில் இல்லாமல் போனது. ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் செய்த வேலை அது. ஓசோன் பாதிப்புக்கு ஆதாரம் போதாது என்று பல வருடம் வாதாடிய, அந்த கேஸைத் தயாரித்த அமெரிக்க கம்பெனி டூபாண்ட், அடுத்த வருடமே தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, சரி. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அந்த மாதிரி கேஸ்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் மறுபடி பேச உட்கார வேண்டியிருந்தது. இந்தியா 2032-ல்தான் குறைக்கவே தொடங்கும், 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். மேலே கமெண்டில் 'சட்டம் எல்லாம் பேப்பரோடு சரி' என்று எழுதிய நண்பருக்கு: ஓரளவு உண்மைதான், ஆனால் ஓட்டை எங்கள் பக்கமும் இருக்கிறது. பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கும் மெஷின் எங்கள் தெருவில் ஒரு கடையிலும் கிடையாது, என் கடை உட்பட. வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.