சூடு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்

அக்கா, ‘காலையில் தெர்மாமீட்டரில் சூடு ஏறிய நாளில்தான் சேர வேண்டும், அதற்கு முன் சேர்ந்தால் பிள்ளை தங்காது’ என்று நீங்கள் எழுதியது தவறு. குழந்தைக்காக ஏங்கும் பெண்கள் இதை நம்பி நல்ல நாட்களையெல்லாம் விட்டுவிடுவார்களே என்றுதான் எனக்குக் கவலை.

கருமுட்டை வெளிவந்த பிறகுதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, உடல்சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். ஏற்றம் உங்கள் கண்ணில் படும்போது பெரும்பாலும் அந்த ஆயுள் முடிந்திருக்கும். விந்தணுவோ உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் முக்கியம். அதை முன்கூட்டியே காட்டுவது வெள்ளைப்படுதல்: பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று, விரல்களுக்கிடையே நூலாக நீளும். சூட்டைக் குறித்து வைப்பது வீணல்ல, அடுத்தடுத்த மாதங்களைக் கணிக்க உதவும். ஆனால் நம் தென்னாப்பிரிக்க டர்பன் நகரின் புழுக்கத்தில் தூங்காமல் புரண்ட இரவுக்குப் பிறகு எடுத்த அளவைப் பெரிதாக நம்பாதீர்கள்.

மார்பு கனப்பதும் சோர்வும் கர்ப்பம் இல்லாவிட்டாலும் வரும். நாள் தள்ளிய பின் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்றால் உடனே பக்கத்து அரசு கிளினிக்கில் பதியுங்கள். கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் அங்கே இலவசம். நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, இரத்தம் பட்டு மயக்கம் வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.